சவுக்குத் தோப்பில் சாய்ந்த வேன்: மணல் தரையில் மட்டம் பிடித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

டிசம்பர் மாதம், வடகிழக்குப் பருவமழை இன்னும் ஓயாத நேரம். வீடு போல மாற்றிக் கட்டிய ஒரு வேனில் நான்கு பேர் கடலூருக்கு வந்தார்கள். வேன் உரிமையாளர், அவர் மனைவி, கல்லூரியில் படிக்கும் மகன், உரிமையாளரின் தாயார். தாயாருக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. முழங்கால் வலியும் சர்க்கரையும் உண்டு, தினமும் இரண்டு வேளை இன்சுலின் போடுகிறார். மூன்று இரவுகள் ஒரே இடத்தில் தங்குவதாகத் திட்டம்.

வேனின் அளவுகளை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் வரும் கணக்கெல்லாம் இதை வைத்துத்தான். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 335 செ.மீ. இடது வலது சக்கரங்களுக்கு இடையே 168 செ.மீ. பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு டயர்கள். தண்ணீர்த் தொட்டியும் சாமான்களும் நிரம்பிய நிலையில் மொத்த எடை ஏறக்குறைய 4,000 கிலோ. அதில் 2,600 கிலோ பின் அச்சில் விழுகிறது. அதாவது பின்னால் ஒவ்வொரு இரட்டை டயரும் 1,300 கிலோ தாங்குகிறது. ஏறி இறங்கும் கதவு இடப்பக்கம். வலப்பக்கச் சுவரை ஒட்டி, நடைவழியைப் பார்த்தபடி குளிர்பெட்டி. பழையதாக வாங்கிப் பொருத்தியது, பேட்டரியிலும் வீட்டு மின்சாரத்திலும் காஸிலும் ஓடும் மூன்று வழிப் பெட்டி. அது எந்தத் திசையைப் பார்த்து நின்றது என்பதுதான் பின்னால் முக்கியமாயிற்று.

இடமும் மண்ணும்

தேவனாம்பட்டினத்துக்கு வடக்கே, தாழங்குடா பக்கம் ஒரு தனியார் சவுக்குத் தோப்பு. உரிமையாளரிடம் முன்பே பேசி அனுமதி வாங்கியிருந்தார்கள். தோப்பில் ஒரு காவல்காரர், வயதானவர், கொட்டகையில் தங்குகிறார்.

இந்தக் கரையில் மட்டம் பார்ப்பதற்கு முன் தண்ணீரைப் பற்றி யோசிக்க வேண்டும். தென்பெண்ணை கடலில் சேரும் இடம் அருகில்தான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் ஆற்றங்கரை ஊர்களுக்குள் புகுந்ததைக் கடலூர்க்காரர்கள் மறக்கவில்லை. அணை நிலவரத்தைக் கேட்டுவிட்டுத்தான் இந்தக் குடும்பம் தோப்புக்குள் நுழைந்தது, அது சரியான முடிவு. உயர்ந்த முதிர்ந்த சவுக்குகளுக்கு நேர் கீழே நிற்காமல் இளமரங்களுக்கிடையே இடம் பார்த்ததும் சரி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்த மாவட்டத்தின் சவுக்கையும் முந்திரியையும் பலாவையும் என்ன பாடுபடுத்தியது என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மண் கடற்கரை மணல். மேலே மூன்று முதல் ஐந்து செ.மீ. கனத்துக்குச் சவுக்குச் சருகு மெத்தை போலப் படர்ந்திருந்தது. சருகு இரண்டு வகையில் ஏமாற்றும். கீழே உள்ள மேடு பள்ளத்தை மறைத்துவிடும். காலால் மிதித்தால் கெட்டியாகத் தோன்றும், சக்கரம் ஏறினால் அமுங்கும். காய்ந்த காலத்தில் சூடான சைலன்சருக்கு அடியில் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

காவல்காரர் வேனைப் பார்த்ததுமே சொன்னார்: "தம்பி, இந்த மண்ணு மேலாக்கப் பாத்தா கெட்டியாதான் இருக்கும். ராத்திரி மழ புடிச்சா உள்ள வாங்கிடும். பாத்து நிறுத்துங்க."

முதல் மாலை

மாலை ஐந்தேகாலுக்கு வந்து சேர்ந்தார்கள். இருட்ட அரை மணி நேரம்தான் இருந்தது. கடல் காற்று கதவுப் பக்கம் வரட்டும் என்று வேனைச் சரிவின் போக்கிலேயே நிறுத்தினார்கள், முன்பக்கம் தாழ்வாக. கைபேசியைச் சமையல் மேடையில் வைத்து மட்டம் பார்த்ததில் இடப்பக்கம் 3 டிகிரி தாழ்வு, முன்பக்கம் 4 டிகிரி தாழ்வு என்று காட்டியது. (கைபேசியின் முதுகில் கேமரா புடைத்திருப்பதால் அதை மல்லாக்க வைத்தால் அரை டிகிரி, ஒரு டிகிரி பொய் சொல்லும். நேரான சட்டத்தின் மேல் அதன் விளிம்பை வைத்துப் பார்ப்பதே சரி. இங்கே தவறு அந்த அளவுக்குள்தான் இருந்தது.)

இங்கே எடுத்த முடிவு இது: பக்கவாட்டுச் சாய்வை மட்டும் சரிசெய்வது, முன்பின் சாய்வை அப்படியே விடுவது. காரணமும் இருந்தது. குளிர்பெட்டியை விற்றவர் "பக்கவாட்டில் 3, முன்பின் 6 டிகிரி வரை தாங்கும்" என்று சொல்லியிருந்தார். முன்பின் 4 தானே, 6-க்குள் இருக்கிறது என்று நினைத்தார்கள். சரிசெய்ய வேறு வழியும் தெரியவில்லை. 335 செ.மீ. நீளத்தில் 4 டிகிரி என்றால் 23 செ.மீ. உயரம். கையிலிருந்தது 10 செ.மீ. உயரம் வரும் பிளாஸ்டிக் ஏற்றக்கட்டைகள் இரண்டு.

இடது முன்சக்கரத்துக்கு ஒன்று, இடது பின்சக்கரத்துக்கு ஒன்று. முதல் கியரில் மெதுவாக ஏற்றினார்கள். ஏறியதும் பக்கவாட்டு அளவு அரை டிகிரிக்குள் வந்துவிட்டது. ஹேண்ட் பிரேக் போட்டு, வண்டியை முதல் கியரில் விட்டு, வலப்பக்கச் சக்கரங்களுக்குச் செங்கல் அணை கொடுத்தார்கள். கதவுக்கு மேலே துணிப் பந்தலை இழுத்துக் கட்டினார்கள். குளிர்பெட்டி காஸில் ஓடியது, உள் வெப்பமானி 6 டிகிரி செல்சியஸ் காட்டியது.

அப்போது யாரும் கவனிக்காத ஒன்று பின்சக்கரத்தில் இருந்தது. ஏற்றக்கட்டையின் அகலம் 20 செ.மீ. அதன் மேல் ஏறியது இரட்டை டயரில் வெளி டயர் மட்டும். உள் டயர் தரையில் படாமல் தொங்கியது. இரண்டு டயர்கள் பங்கிட வேண்டிய 1,300 கிலோவை ஒரே டயர் தாங்கிக்கொண்டிருந்தது. டயர் ஓரத்தில் பொறித்திருந்த அளவோ, இரட்டையாக ஓடும்போது ஒன்றுக்கு 800 கிலோவுக்கும் குறைவு.

இரவு

பத்து மணிக்குக் குளிர்பெட்டி 9 டிகிரி காட்டியது. அடிக்கடி திறந்ததால் இருக்கும் என்று படுத்துவிட்டார்கள். ஒன்றரை மணிக்கு மழை பிடித்தது. இரண்டு மணியளவில் இடது பின்பக்கம் 'டப்' என்ற ஓசையோடு இறங்கியது. மேலடுக்கில் இருந்த பாத்திரங்கள் விழுந்தன. யாருக்கும் அடியில்லை. இழுத்துத் திறக்கும் பக்கக் கதவு பாதியோடு நின்றுவிட்டது. மூன்று மூலைகள் ஓர் உயரத்திலும் நான்காவது பத்து செ.மீ. கீழேயும் போனால் வேனின் கூடு முறுக்கிக்கொள்ளும், கதவு தன் தண்டவாளத்தில் சிக்கும்.

மகன் ஜாக்கியை எடுத்துவந்து அந்த மூலையைத் தூக்கப் பார்த்தான். தந்தை தடுத்துவிட்டார். இந்த நிகழ்வில் எடுத்த முடிவுகளிலேயே மிகச் சரியானது இது என்பது எங்கள் கருத்து. பாட்டில் ஜாக்கியின் அடிப்பாகம் ஓர் உள்ளங்கை அளவுதான். ஈர மணலில் அது வண்டியைத் தூக்காது, தானே மண்ணுக்குள் இறங்கும். இறங்கும்போது சாயும், சாயும்போது யாராவது அடியில் கைவிட்டிருந்தால் கையோ உயிரோ போகும். முன்சக்கரம் வேறு இன்னும் கட்டை மேல் நின்றது. ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களைத்தான். அவற்றில் ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கினால் பாதிப் பிடிப்பு போய்விடும்.

எஞ்சினை இயக்கவில்லை, கட்டையைத் தொடவில்லை. காஸ் வால்வை மூடினார்கள். நால்வரும் ஓட்டுநர் பக்கக் கதவு வழியாக இறங்கி, தாயாரைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு காவல்காரர் கொட்டகைக்குப் போனார்கள். இன்சுலின் குப்பிகளையும் கையோடு எடுத்துக்கொண்டார்கள். அப்போது பெட்டிக்குள் 12 டிகிரி.

காலையில் கண்டவை

விடிந்ததும் எதையும் நகர்த்தாமல் முதலில் சுற்றிப் பார்த்தார்கள். படமும் எடுத்தார்கள். அந்தப் படங்கள் இல்லாவிட்டால் இந்த ஆய்வே சாத்தியமில்லை.

துணிப் பந்தலின் வெளி ஓரம் தாழ்ந்திருந்தது, ஆனால் இரண்டு கால்களும் ஒரே உயரம். அதனால் மழைநீர் ஒரு மூலைக்குப் போகாமல் நடுவில் குளமாகத் தேங்கி, துணி தொய்ந்து, வேனை ஒட்டிய ஓரத்தின் வழியே பின்சக்கரத்தருகே கொட்டியிருந்தது. கொட்டிய இடத்தில் மணலில் வரிசையாகக் குழிகள், ஒவ்வொன்றும் கொட்டாங்குச்சி அளவு. அதில் மூன்று, ஏற்றக்கட்டையின் வெளி விளிம்பை ஒட்டி விழுந்து ஒன்றாகச் சேர்ந்திருந்தன. அடி மண் அரித்த பக்கம் கட்டை வெளிப்புறமாகச் சாய்ந்து, டயர் அதிலிருந்து நழுவி மணலில் விழுந்திருக்கிறது. கட்டையின் மூன்றாவது விலா விரிசல் விட்டிருந்தது.

மழை மட்டும் காரணமில்லை. கட்டையின் அடிப்பாகம் 20 க்கு 56 செ.மீ. ஆனாலும் சக்கரம் நிற்பது கடைசி 25 செ.மீ. நீளத்தில். ஆக 1,300 கிலோவும் ஏறக்குறைய 500 சதுர செ.மீ. பரப்பில், சதுர செ.மீ.க்கு 2.6 கிலோ. இந்தக் கட்டைகளின் அடி தட்டையாகவும் இருக்காது, விலா விலாவாகக் குழிந்திருக்கும். சிமெண்ட் தரையில் அது பிடிமானம் தரும். மணலில் கத்தி போல இறங்கும். அதே எடையை 60 க்கு 50 செ.மீ. பலகையில் பரப்பியிருந்தால் சதுர செ.மீ.க்கு 0.43 கிலோதான்.

வெளி டயரின் பக்கச்சுவரை விரலால் தடவி, விளக்கடித்துப் பார்த்தார்கள். வெட்டோ புடைப்போ இல்லை.

குளிர்பெட்டி ஏன் குளிரவில்லை

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

வீட்டுக் குளிர்பெட்டியில் கம்ப்ரசர் இருக்கிறது, அது வாயுவைத் தள்ளிச் சுற்றவைக்கும். காஸில் ஓடும் பெட்டியில் கம்ப்ரசரும் இல்லை, பம்பும் இல்லை. அடியில் ஒரு சுடர். அது அம்மோனியா கலந்த தண்ணீரைக் கொதிக்கவைக்கிறது. அம்மோனியா ஆவியாகி மேலே போய், குளிர்ந்து நீர்மமாகி, உறைபெட்டிக் குழாயில் இறங்கும்போது மறுபடி ஆவியாகி வெப்பத்தை இழுக்கிறது. பிறகு தண்ணீரில் கரைந்து கொதிகலத்துக்குத் திரும்புகிறது. திரும்பி வருவது முழுக்கக் குழாயின் வாட்டத்தால்தான். கக்கூஸ் குழாய்க்கு வாட்டம் விடுவது போலத்தான் உள்ளே ஒவ்வொரு வளைவுக்கும் சிறு வாட்டம் விட்டிருக்கிறார்கள். பெட்டி சாய்ந்தால் அந்த வாட்டம் தட்டையாகிவிடும் அல்லது எதிர்ப்புறம் திரும்பிவிடும். நீர்மம் இடையில் தேங்கும். சுடர் மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். கொதிகலம் அளவுக்கு மேல் சூடாகும். நெடுநேரம் இப்படி ஓடினால், துருப்பிடிக்காமல் இருக்க அதில் கலந்திருக்கும் சோடியம் குரோமேட் படிகமாகி மெல்லிய குழாயை அடைத்துவிடும். அடைத்தால் திறந்து சுத்தம் செய்ய வழியில்லை, அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும். வண்டி ஓடும்போது இந்தச் சிக்கல் வராது, ஏனென்றால் ஆட்டத்தில் பெட்டி மாறி மாறி மட்டத்தைக் கடந்துகொண்டே இருக்கும். நிற்கும் வண்டியில்தான் ஆபத்து.

விற்றவர் சொன்ன 3, 6 அளவுகள் இந்த வகைப் பெட்டிகளுக்குப் பொதுவாகச் சரியே. ஆனால் அவை பெட்டிக்கு நேரே நின்று பார்க்கும் ஒருவருக்கான அளவுகள்: பெட்டியின் இடம் வலமாக 3 டிகிரி, பெட்டியின் முன்பின்னாக 6 டிகிரி. இந்த வேனில் பெட்டி வலச் சுவரில் சாய்ந்து நடைவழியைப் பார்க்கிறது. ஆகவே பெட்டியின் இடம் வலம் என்பது வேனின் முன்பின். 6 வரை தாங்கும் என்று விட்ட திசையில் அது தாங்குவது 3 தான். நின்றதோ 4-இல். முதல் மாலையிலேயே, பின்சக்கரம் நழுவுவதற்கு எட்டு மணி நேரம் முன்பே, குளிர் நின்றுபோகத் தொடங்கிவிட்டது.

எடுத்த முடிவுகள்

தாயாரின் மருந்து முதலில். கைபேசியில் அவருடைய மருத்துவரிடம் பேசினார்கள். குப்பிகள் அதிகச் சூட்டில் இருக்கவில்லை, வெயில் படவில்லை, உறையவும் இல்லை. அதனால் கெட்டிருக்காது, ஆனால் இன்றைய தேதியைக் குப்பியில் எழுதிவைத்து 28 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள் என்றார். குளிர்பெட்டி சரியாகும் வரை வைக்க, காவல்காரர் ஒரு புது மண்பானையைத் தந்தார். பானைக்குள் ஈர மணல், அதன் மேல் மூடியுள்ள டப்பாவில் குப்பி, மேலே ஈரத்துணி. நம் ஊரில் குளிர்பெட்டி இல்லாத வீடுகளில் இன்றும் செய்வதுதான்.

அதே இடத்தில் கட்டையை மாற்றி வைப்பதா, இடத்தையே மாற்றுவதா என்பது இரண்டாவது. கணக்கு தெளிவாகவே சொன்னது. இந்த வேனில் ஒரு டிகிரி என்பது அகலவாக்கில் 3 செ.மீ., நீளவாக்கில் கிட்டத்தட்ட 6 செ.மீ. முன்பின் சாய்வைச் சரிசெய்ய இரண்டு மடங்கு உயரம் வேண்டும். ஆகவே முன்பின் மட்டமாக உள்ள இடத்தையும் திசையையும் தேர்ந்தெடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் பக்கவாட்டை மட்டும் பலகையாலோ மண்வெட்டியாலோ சரிசெய்வது என்று முடிவானது. சரிவுக்குக் குறுக்கே வேனை நிறுத்தினால் இது தானாகவே அமையும். காற்றுக்காக முந்தைய நாள் தேர்ந்த திசைக்கு இது குறுக்கு.

மூன்றாவது: தாழ்ந்த பக்கத்தைத் தூக்குவதைவிட உயர்ந்த பக்கத்தைத் தோண்டுவது. மணலில் இது எப்போதும் உறுதியானது. சக்கரம் குழிக்குள் உட்கார்ந்தால் நழுவ இடமில்லை. குறை ஒன்றுண்டு, மழையில் குழியில் தண்ணீர் நிற்கும். அதற்கு வடிகால் வெட்ட வேண்டும்.

வண்டியை வெளியே எடுக்கும் முன் 120 லிட்டர் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்தார்கள், 120 கிலோ குறைந்தது. உடைந்த கட்டையை மண்வெட்டியால் தோண்டி எடுத்தார்கள். பின்சக்கரங்களுக்குப் பின்னால் ஒரு முழம் நீளத்துக்கு மண்ணைச் சரித்து, அதில் தென்னை மட்டைகளைக் குறுக்கே அடுக்கினார்கள். செங்கற்களை எடுத்துவிட்டு, ரிவர்ஸ் கியரில், ஆக்சிலேட்டரை அதிகம் மிதிக்காமல் பின்னோக்கி எடுத்ததில் இரண்டாவது முறை வெளியே வந்தது. முதல் முறை சக்கரம் சுழலத் தொடங்கியதும் உடனே நிறுத்தியது நல்லது. மணலில் சக்கரம் சுழலச் சுழலக் குழிதான் ஆழமாகும்.

இரண்டாம் முறை

காவல்காரரின் மருமகன் கொத்தனார். காலை வேலைக்குப் போகும் வழியில் வந்து பார்த்தவர், "முதல்ல தரைய அளக்கணும் சார். வண்டிய ஏத்திட்டு அளந்தா மறுபடி எறக்கணும்" என்றார். டியூப் மட்டமும் ரசமட்டமும் அவரிடமே இருந்தன.

பன்னிரண்டு மீட்டர் தள்ளி, மரவரிசைக்கு இணையாக ஓர் இடம். சருகை மண் தெரியும் வரை கூட்டித் தள்ளினார்கள். வேனின் நான்கு சக்கரங்கள் நிற்கப்போகும் இடங்களில் 335 க்கு 168 அளவில் குச்சி நட்டார்கள். மூலைவிட்டம் இரண்டும் சமமா என்று கயிறு பிடித்துப் பார்த்தார்கள். டியூபில் தண்ணீர் நிரப்பி, குமிழ் ஒன்றுகூட இல்லாமல் விரலால் தட்டித் தட்டி வெளியேற்றினார். குமிழ் இருந்தால் மட்டம் பொய்யாகும். இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்து நீர்மட்டம் ஒன்றாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே ஒரு முனையை நகர்த்தினார். தண்ணீர் குழாய்ச் சுவரில் சற்று ஏறி வளைந்து நிற்கும். வளைவின் அடியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், இரண்டு முனையிலும் ஒரே மாதிரி.

நீர்மட்டத்திலிருந்து தரை வரை அளந்தது: வலது முன் 41 செ.மீ., வலது பின் 42, இடது முன் 44, இடது பின் 48. எண் கூடினால் தரை தாழ்வு. வலது பக்கம் முன்பின் வித்தியாசம் ஒரு செ.மீ. மட்டுமே, நேற்று நின்ற இடத்தில் இது 23.

இடது முன்னை அடிப்படையாக வைத்துக்கொண்டார்கள். இடது பின்னுக்கு 4 செ.மீ. பலகை. வலப்பக்கத்தை முழு மட்டமாக வைக்காமல், வேண்டுமென்றே 1.5 செ.மீ. தாழ்வாக விட்டார்கள், அரை டிகிரி. கூரை முழு மட்டமாக இருந்தால் சூரியத் தகட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கும். வலப்புறம் வாட்டம் விட்டால் கதவுக்கும் பந்தலுக்கும் எதிர்ப்பக்கமாக வடிந்துவிடும். பெட்டி இந்தத் திசையில் 6 வரை தாங்கும் என்பதால் அரை டிகிரி ஒரு பொருட்டில்லை. ஆக வலது முன்னில் 4.5 செ.மீ., வலது பின்னில் 3.5 செ.மீ. தோண்ட வேண்டும்.

தோண்டிய இடத்திலும் மற்ற இரண்டிலும் இடத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, திமிசுக் கட்டையால் இடித்தார்கள். வீடு கட்டும்போது அஸ்திவாரத்துக்கு மணல் நிரப்பித் தண்ணீர் விட்டுக் கெட்டிப்படுத்தும் அதே வேலை. ஒரு செ.மீ. அளவுக்கு அமுங்கியது. அந்த அளவு மணலைத் தூவி மறுபடி இடித்து, மறுபடி அளந்தார்கள். இந்த இருபது நிமிட வேலையை எக்காரணம் கொண்டும் விடக்கூடாது. மழை செய்யப்போகும் வேலையை முன்கூட்டியே நாம் செய்து முடித்துவிடுகிறோம்.

பலகை: சென்ட்ரிங் பலகை, 2.5 செ.மீ. தடிமன். நான்கு சக்கரத்துக்கும் ஒரே தடிமன் என்பதால் மட்டக் கணக்கு மாறாது. பின்னால் 60 க்கு 50 செ.மீ., இரண்டு டயரும் முழுதாக உட்காரும் அகலம். முன்னால் 50 க்கு 35. இடது பின்னில் அதற்கு மேல் இரண்டு 2 செ.மீ. பலகை, ஒன்றின் நாருக்கு மற்றது குறுக்காக வைத்து ஆணியடித்தது. ஏறுவதற்கு முன்னால் 2 செ.மீ. பலகைத் துண்டு ஒன்று படி போல. அருகில் சும்மா கிடந்த ஹாலோ பிளாக்கை வைக்கலாமா என்று மகன் கேட்டான், கொத்தனார் மறுத்துவிட்டார். அது சுவரில் எடையை மேலிருந்து பரவலாகத் தாங்கும். டயர் உருண்டு ஏறும்போது ஓரத்தில் விழும் பாரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

மனைவி ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும்படி பக்கவாட்டில் நின்று கைகாட்டினார். வண்டிக்கு நேர் முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கவில்லை. ஏறியதும் கால் மணி நேரம் அப்படியே விட்டு, தொட்டியையும் நிரப்பி, பிறகுதான் ரசமட்டம் வைத்தார்கள். இந்த முறை சமையல் மேடையில் வைக்கவில்லை, குளிர்பெட்டியின் உறைபெட்டித் தளத்தில் வைத்தார்கள். மேடையும் பெட்டியும் ஒரே மட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கும் என்று நம்பக் காரணமில்லை. முன்பின் கால் டிகிரிக்கும் குறைவு.

ஹேண்ட் பிரேக், முதல் கியர், பிறகு ஆப்புக் கட்டைகள். செங்கல்லுக்குப் பதில் மரத்தில் அறுத்த ஆப்பு, தரையோடு நிற்கும் இடது முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் இறுக்கமாக. மேலே ஏறி நிற்கும் சக்கரத்துக்கு மட்டும் அணை கொடுத்தால் பலகையோடு சேர்ந்து நழுவ வாய்ப்பு உண்டு. வேனின் அடியில் உள்ள திருகு முட்டுகளை, கீழே ஓரடிச் சதுரப் பலகை போட்டுக் கையால் இறுகும் வரை மட்டும் இறக்கினார்கள். அவை ஆட்டத்தை நிறுத்தத்தான், வண்டியைத் தூக்க அல்ல.

மேட்டுப் பக்கத்தில், சக்கரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, 10 செ.மீ. ஆழத்தில் ஒரு வடிகால் வெட்டினார்கள். பந்தலின் முன் காலை ஒரு சாண் தாழ்த்தி, தண்ணீர் அந்த மூலையிலேயே விழும்படி செய்து, கீழே ஒரு வாளி வைத்தார்கள்.

பின்விளைவு

குளிர்பெட்டியை உடனே ஓட்டவில்லை. மட்டமான நிலையில் அணைத்தபடி மதியம் வரை விட்டார்கள், தேங்கிய நீர்மம் தன் இடத்துக்கு இறங்கட்டும் என்று. மதியம் ஒரு மணிக்குக் காஸில் ஓட்டத் தொடங்கினார்கள். இந்த வகைப் பெட்டி குளிர அரை நாளாவது ஆகும், அவசரப்பட்டுத் திருகியை முழுக்கத் திருப்புவதில் பயனில்லை. இரவு பத்து மணிக்கு 10 டிகிரி, மறுநாள் காலை ஏழு மணிக்கு 5. நிரந்தரப் பழுது எதுவும் இல்லை. இரவு இரண்டு மணிக்கே காஸை மூடியது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

இரண்டாம் இரவும் மழை பெய்தது, முந்தைய இரவைவிடக் கூடுதலாகவே. காலையில் அளந்ததில் இடது பின் மூலை அரை செ.மீ. இறங்கியிருந்தது, மற்ற மூன்றும் அசையவில்லை. வலது முன் குழியில் ஒரு விரல்கடை தண்ணீர் நின்று, எட்டு மணிக்குள் வற்றிவிட்டது. பக்கக் கதவு ஒரு கையால் இழுத்தால் ஓடியது. தாயார் இரவில் மூன்று முறை எழுந்து நடந்ததாகவும், முதல் நாள் போலச் சுவரைப் பிடித்துக்கொள்ளத் தேவைப்படவில்லை என்றும் சொன்னார்.

மாற்ற வேண்டியவை

இருட்டுவதற்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் முன்பாக இடம் சேர வேண்டும். அரை மணி நேரத்தில் சருகு கூட்டி, தரை அளந்து, மண் கெட்டிப்படுத்த முடியாது. நேரமில்லாததால்தான் கையிலிருந்த கட்டையை வைத்து ஒப்பேற்றினார்கள்.

அந்த ஏற்றக்கட்டைகள் தவறான பொருள் அல்ல. முன்சக்கரம் போன்ற ஒற்றை டயருக்கு, சிமெண்ட் அல்லது கெட்டியான செம்மண் தரையில் அவை போதும். கடலூரை அடுத்த கேப்பர் மலைப் பக்கம் சரளை கலந்த செம்மண்ணில் இதே வேன் இவற்றின் மேல் ஆடாமல் நின்றிருக்கும். அங்கேயும் மழை பெய்தால் செம்மண் வழுக்கும் என்பது வேறு விஷயம். இரட்டை டயருக்கு இரண்டையும் தாங்கும் அகலப் பலகை இல்லாமல் எந்தக் கட்டையும் வைக்கக்கூடாது.

வேனில் இப்போது நிரந்தரமாக ஏறியிருப்பவை: 60 க்கு 50 அளவில் இரண்டு, 50 க்கு 35 அளவில் இரண்டு சென்ட்ரிங் பலகை, 2 செ.மீ. துண்டுகள் நான்கு, மர ஆப்பு நான்கு, மடக்கு மண்வெட்டி, ஓரடி ரசமட்டம், பத்து மீட்டர் டியூப். எல்லாம் சேர்ந்து முப்பது கிலோவுக்குள்தான். கிளம்பும்போது பலகைகளைக் கழுவி வெயிலில் காயவைத்த பிறகே உள்ளே ஏற்றினார்கள். உப்பு மணல் ஒட்டிய ஈரப் பலகையை வேனின் தகரத் தரையில் வைத்தால் ஒரே பருவத்தில் துருப்பிடிக்கும். குழிகளை மூடி, சருகைப் பழையபடி பரப்பிவிட்டார்கள். கதவின் உட்புறம் ஒரு தாளில் "நீளம் 1 டிகிரி 6 செ.மீ., அகலம் 1 டிகிரி 3 செ.மீ." என்றும், அதற்குக் கீழே "வேனின் முன்பின் சாய்வு பெட்டிக்கு 3 தான்" என்றும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

முடிவாகாத ஒன்று குளிர்பெட்டி. கம்ப்ரசரில் ஓடும் 12 வோல்ட் பெட்டிக்கு மாறினால் இந்த அளவு சாய்வைப் பற்றிக் கவலையே இல்லை, 20 டிகிரிக்கு மேலும் ஓடுபவை உண்டு. ஆனால் நம் வெயிலில் அது நாளொன்றுக்கு 30 முதல் 50 ஆம்பியர்-மணி வரை பேட்டரியிலிருந்து இழுக்கும். மேகம் மூடிய டிசம்பரில் அவர்கள் கூரையில் உள்ள ஒரே தகடு அதைத் தராது. இன்னொரு தகடு போட இடம் இருக்கிறதா என்று கூரையை அளந்துகொண்டிருக்கிறார்கள்.